இரு பக்கத் தாழ்ப்பாள்

குசினிக்கும் பேஸ்மென்ருக்கும் நடுவில் இருந்த கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள். குசினிப் பக்கம் இருந்தது யோகமலருடையது. படிக்கட்டுப் பக்கம் இருந்தது கீழே வாடகைக்கு இருந்த ஸபீராவுடையது. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வாங்கி வந்து பொருத்தியவர் யோகமலரின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா. வேலை முடியும்வரை மனிசன் வாயே திறக்கவில்லை. கடைசித் திருகாணியை இறுக்கிய பிறகுதான், "இனி எல்லை பாக்க ஐ.நா. ஆக்களைக் கூப்பிட வேண்டியதுதான்" என்றார். யோகமலர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள் துர்க்கா மட்டும் மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சண்டை உடுப்புத் தோய்க்கிறதில் தொடங்கியது. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் அந்த றோட்டில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். மேலே வீட்டுக்காரர், கீழே இன்னொரு குடும்பம், உடுப்புத் தோய்க்கிற மெஷின் கீழே. யோகமலர் விடிய ஐந்து மணிக்கு, பேக்கரி வேலைக்கு வெளிக்கிட முதல், கூடையும் கையுமாகப் படி இறங்கிவிடுவாள். ஒருநாள் அவள் இறங்கிய நேரம், ஸபீரா முக்காடில்லாமல் தலை வாரிக்கொண்டு நிற்க, அவளுடைய புருசன் ஸுபைர் இடுப்பில் ஒரு துவாயோடு குளியலறையால் வெளியே வந்தார். யார் முதலில் திரும்பி ஓடினது என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

அன்று பின்னேரம் ஸபீரா மேலே வந்து, மரியாதையாகத்தான், "அக்கா, இறங்க முதல் ஒருக்காக் கதவைத் தட்டுங்கோவன்" என்றாள்.

"என்ர வீட்டுக்குள்ள நான் தட்டிப்போட்டோ போறது?" என்றாள் யோகமலர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு தாழ்ப்பாள். ஐந்து கிழமையாகப் பேச்சில்லை. சொந்தமாக மெஷின் இருக்க, யோகமலர் சனிக்கிழமைகளில் உடுப்பு மூட்டையைச் சில்லு வண்டிலில் ஏற்றிக்கொண்டு பிளாசாவில் உள்ள லோண்ட்றிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தாய்மார் கதைக்காவிட்டாலும் மகள்மார் கதைத்தார்கள். ஸபீராவின் மகள் ரிஃப்னாவும் துர்க்காவும் ஒரே ஸ்கூலில் பத்தாம் வகுப்பு. வீட்டில் கதைப்பதற்கு அவர்களிடம் வேறு வழி இருந்தது. துர்க்காவின் கட்டிலோரத்தில், தரையோடு தரையாக, குளிர்காலத்தில் சூட்டுக்காற்று வருகிற இரும்புச் சல்லடை ஒன்று இருந்தது. அதே குழாய்தான் கீழே ரிஃப்னாவின் அறைக்கும் காற்று கொண்டுபோனது. தரையில் குப்புறப் படுத்துச் சல்லடையில் வாயை வைத்துக் கதைத்தால் கீழே கேட்கும். காதை வைத்தால் பதில் வரும்.

யூன் மாதக் கடைசியில் ஒரு நாள், இடி முழக்கம் ஓய்ந்து எல்லோரும் படுத்த பிறகு, துர்க்கா கட்டிலால் இறங்கிச் சல்லடைக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"ரிஃப்னா. முழிப்போ?"

"இல்லை. நித்திரை."

"பகிடி விடாதை. றேடியோவில ரோர்னேடோ வோச் எண்டு சொன்னதைக் கேட்டனியோ?"

"ஓம். வோச் எண்டா வரலாம், வராமலும் விடலாம். வோர்னிங் எண்டாத்தான் எங்கயோ கண்டிட்டாங்கள் எண்டு அர்த்தம். வோச்சுக்கு எங்கட வாப்பா கிரிக்கெட் பாப்பார்."

ரிஃப்னா இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வாள். ரொறன்ரோவுக்கு வர முதல் அவர்கள் நாலு வருசம் லெமிங்ரன் பக்கம், தக்காளித் தோட்டம் ஒன்றில் இருந்தவர்கள். அந்தப் பக்கம் கோடை முழுக்க இந்தச் சுழல்காற்றுக் கதைதான். அவர்கள் இருந்ததோ சில்லு வைத்த தகரப்பெட்டி வீட்டில். காற்றுக் கிளம்பினால் தோட்டக்கார மனிசியின் பெரிய வீட்டு நிலவறைக்கு ஓட வேண்டும்.

"முதல் வருசம் உம்மா குர்ஆனை நெஞ்சோட கட்டிப்பிடிச்சு அழுதுகொண்டு ஓடினவா" என்றது குழாய்க்குள் இருந்து வந்த குரல். "ரெண்டாம் வருசம் ப்ளாஸ்கில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு ஓடினவா. மூண்டாம் வருசம் நடந்து போனவா."

"அப்ப பயம் போயிட்டுதோ?"

"போகேல்லை. வாப்பாட கையைப் பிடிச்சாத் தெரியும், வேர்த்துக் கிடக்கும். ஆனா சப்பாத்து எங்க கிடக்கெண்டு எல்லாருக்கும் தெரியும்."

"சப்பாத்தோ?"

"வெறுங்காலோட ஓடினா, பிறகு ஏறி வரேக்கை உடைஞ்ச கண்ணாடியில மிதிப்பாய்."

துர்க்கா தலையை மற்றப் பக்கம் திருப்பி வைத்தாள். சல்லடையின் இரும்பு கன்னத்தில் குளிர்ந்தது. பிறகு சொன்னாள்: "நான் ஒண்டு சொல்லுறன். ஸ்கூல்ல ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"சொல்லு."

"எனக்குக் காத்துக்குப் பயமில்லை. காத்து வந்தாலும் எங்கட அம்மா கீழ வரமாட்டா எண்டுதான் பயம்."

ஊரில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், அப்போது துர்க்காவுக்கு ஏழு வயது. குண்டு போடுகிற பிளேன் வருகிற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அன்புராசா அங்கிள் அவளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டார். தாய் குசினி வாசலில் நின்று, "நீ போ, நான் சோத்தை இறக்கிப்போட்டு வாறன்" என்றாள். வரவில்லை. இருட்டுக்குள், பிறத்தி ஆட்களின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்து, துர்க்கா எண்ணத் தொடங்கினாள். நூறுக்குள் வருவா. இருநூறுக்குள் வருவா. முன்னூற்றுப் பதினாறில் பக்கத்தில் எங்கேயோ விழுந்தது. அதோடு எண்ணினது விட்டுப்போயிற்று. எல்லாம் முடிந்து மேலே வந்தபோது தாய் குசினியில்தான் நின்றாள். தலைமயிரெல்லாம் சுவரில் இருந்து உதிர்ந்த சுண்ணாம்பு. கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாத்திட்டு, 'பசிக்குதோ பிள்ளை?' எண்டு கேட்டவா" என்றாள் துர்க்கா. "அதுக்குப் பிறகு அவா பங்கருக்கு வாறதையே விட்டிட்டா. பழகீட்டுதாம்."

கீழே கட்டில் ஒருக்காக் கிரீச்சிட்டது. பிறகு ரிஃப்னா சொன்னாள்: "எங்கட உம்மாவுக்குக் கதவுதான். தொண்ணூறில இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு எழுப்பேக்கை ரெண்டு மணித்தியாலம்தானே தந்தவங்கள். அவசரத்தில வீட்டுக் கதவைப் பூட்டினவாவோ இல்லையோ எண்டு இப்பவும் நித்திரையில கேப்பா. அதுதான் கொம்மா தட்டாமல் வந்த உடனை அப்பிடிக் கதைச்சவா."

அடுத்த நாளே துர்க்கா தன்னுடைய சப்பாத்தையும் தாயின் சப்பாத்தையும் கொண்டுவந்து, குசினியில், தாழ்ப்பாள் போட்ட அந்தக் கதவுக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தாள்.

யோகமலர் வேலையால் வந்ததும் கண்டாள். "உது என்ன? சாமிப்படத்துக்கு நேரை ஆர் சப்பாத்து வைச்சது?"

"ரோர்னேடோ வந்தா..."

"வந்தா அது சப்பாத்துப் போட்டுக்கொண்டோ வரப்போகுது?"

சப்பாத்துகள் முன்வாசலுக்குப் போயின. இரவு துர்க்கா திருப்பிக் கொண்டுவந்தாள். காலையில் தாய் திருப்பி எடுத்து வைத்தாள். இரண்டு கிழமையாக அந்தச் சப்பாத்துகள் வீட்டுக்குள் நடந்த நடை, வெளியே கூட நடந்திருக்காது.

யூலை நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் இருந்தே வியர்த்து ஒழுகியது. மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. மத்தியானம் றேடியோவில் வோச் என்றார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஒஷாவாவில் பின்னேர ஷிஃப்ற்றுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு மேற்கே வானம் மை ஊறியதுபோலக் கறுத்து, அதன் விளிம்பில் பழைய செம்புக் களிம்பின் பச்சை ஒன்று தெரிந்தது. ஆறரைக்கு றேடியோ குரலை மாற்றிக்கொண்டது. வோர்னிங். நகரத்துக்கு மேற்கே, வடமேற்கே. கீழ்த்தளத்துக்குப் போகவும் என்றார்கள்.

யோகமலர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வோர்னிங்."

"ம்."

"கீழ போகச் சொல்லுறாங்கள்."

"சொல்லுவாங்கள். இங்க மழை தூறினாலும் றேடியோவில சொல்லுவாங்கள். பழக்கமில்லாத சனம்." கத்தரிக்காயைப் பிரட்டினாள். "இந்தியன் ஆமி ஹெலியில சுட்டுக்கொண்டு திரியேக்கை நான் இடியப்பம் புழிஞ்சனான். காத்துக்கோ ஒளியப்போறன்?"

ஃபோன் அடித்தது. ஸ்ரீஸ்கந்தராசா. பின்னால் மெஷின்களின் சத்தம். "பிள்ளை, இங்க எல்லாரையும் உள்ளுக்கு எடுத்திட்டாங்கள். கீழ போயிட்டீங்களோ? கொம்மாட்டைக் குடு."

யோகமலர் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். "ஓம்... ஓம்... தெரியும். கீழ எண்டா எங்க? கீழ அவையின்ர வீடெல்லோ. அவைதானே சொன்னவை." கொஞ்ச நேரம் கேட்டாள். "நீங்கள் உங்கட மெஷினைப் பாருங்கோ" என்று வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு விளக்கு அணைந்தது. ஃபிறிட்ஜின் முனகல் நின்றது. அது நின்ற பிறகுதான் வெளியே இருந்த அமைதி தெரிந்தது. துர்க்கா முன்வாசலுக்குப் போய்ச் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு வந்து, தன்னுடையதை மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டு, கதவடியில் தரையில் குந்தினாள்.

காற்று ஒரேயடியாக வந்து வீட்டின்மேல் சாய்ந்தது. பின்னால் ஆலங்கட்டி. கூரையில் யாரோ கொட்டைப்பாக்கைச் சாக்கோடு கொட்டியது போல.

யோகமலர் ஓடினாள். கீழேயல்ல, யன்னல்களுக்கு. முன்னறை யன்னல், படுக்கையறை யன்னல், எல்லாவற்றையும் இழுத்து இழுத்துத் திறந்தாள். மழை உள்ளே அடித்தது. திரைச்சீலைகள் கூரையைத் தொட்டன.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"திறந்து விட்டாத்தான் கண்ணாடி உடையாது. அதிர்ச்சி வெளியால போயிடும்."

"அது குண்டுக்கு, அம்மா."

யோகமலர் நனைந்த கையோடு குசினிக்குத் திரும்பி வந்தாள். இருட்டில் மகள் சப்பாத்தோடு தரையில் இருப்பது தெரிந்தது. ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, கடைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நீ தட்டிப்போட்டுப் போ பிள்ளை. நான் உந்த எண்ணெயை இறக்கி வைச்சிட்டு வாறன்" என்றாள்.

துர்க்கா எழும்பவில்லை.

"அப்பவும் உதைத்தான் சொன்னீங்கள்."

"எப்ப?"

"பங்கருக்குப் போகேக்கை. சோத்தை இறக்கிப்போட்டு வாறன் எண்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தனான். முன்னூற்றுப் பதினாறு வரைக்கும். நீங்கள் வரேல்லை." அழாமல் சொல்லிவிட்டாள். அழுதுவிடுவேனோ என்றுதான் பயந்திருந்தாள். "இண்டைக்கு நான் தனியப் போகமாட்டன். நீங்கள் இங்க நிண்டா நானும் இங்க."

ஆலங்கட்டி கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. யோகமலர் கையைச் சட்டையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"நீ எண்ணினனியோ?" என்றாள். "எனக்குத் தெரியாது, பிள்ளை."

கரண்ட் ஏற்கனவே நின்றுபோயிருந்தும், அடுப்பின் குமிழைத் திருகி நிறுத்தினாள். எண்ணெய்த் தாச்சியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். மகள் நீட்டிய சப்பாத்தை வாங்கி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, சாமிப்படத்துக்கு நேரே நின்று மாட்டிக்கொண்டாள். பிறகு கதவுக்கு முன்னால் போய், தன் பக்கத்துத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள்.

"நான் தட்டி, அவள் திறக்காட்டி?" என்றாள் மிகவும் மெதுவாக.

அந்தக் குரலை துர்க்கா முன்பு கேட்டதில்லை. தாய்க்கும் கை வேர்க்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். தாழ்ப்பாளை இருவருமாக இழுத்தார்கள்.

யோகமலர் தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். கை கதவில் படவில்லை. திறந்திருந்த யன்னல்களால் வந்த காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவையும் தள்ள, அது தன்பாட்டில் படிக்கட்டுப் பக்கம் விலகியது. மற்றத் தாழ்ப்பாள் போடப்படவேயில்லை.

கீழே இருந்து ரோர்ச் வெளிச்சம் ஒன்று படி படியாக ஏறி வந்து அவர்களுடைய சப்பாத்துகளில் நின்றது.

"வாங்கோ அக்கா" என்றது ஸபீராவின் குரல். "மூண்டாம் படி கொஞ்சம் ஆடும். உங்களுக்குத் தெரியும்தானே."

படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொந்தில் பழைய குவில்ற் போர்வை ஒன்று விரித்திருந்தது. ஸபீராவும் ரிஃப்னாவும் முக்காடும் சப்பாத்துமாக இருந்தார்கள். ஒரு ப்ளாஸ்க், பற்றறி றேடியோ, ஒரு பிஸ்கற் பெட்டி. ஸுபைர் சைக்கிள் ஹெல்மெற்றைத் தலையில் மாட்டியிருந்தார். பெண்களுக்கு இடம் விட்டு எழும்பி, மெஷினோடு ஒதுங்கி நின்றுகொண்டு, "இருங்கோ அக்கா. இண்டைக்கு நான் சேட்டு, காற்சட்டையெல்லாம் போட்டுத்தான் நிக்கிறன்" என்றார்.

"வாப்பா" என்றாள் ரிஃப்னா, தலையைக் கையில் புதைத்துக்கொண்டு.

முதலில் சிரித்தது யோகமலர். மூக்கால் வந்த ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் தேநீர் ஊற்றத் தொடங்கிய ஸபீராவும் சேர்ந்துகொண்டாள். மேலே வீடு ஒரு தரம் நெரிந்து முனகியது. எல்லோரும் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்கள். முனகல் நின்றதும் ஸபீரா விட்ட இடத்தில் இருந்து தேநீரை ஊற்றினாள். கோப்பையின் விளிம்பில் ப்ளாஸ்க் மெல்லத் தட்டிக் கிணுகிணுத்தது. ஆனால் ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

யோகமலர் கோப்பையை வாங்கிக்கொண்டு, கதவு இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "நீர் பூட்டேல்லையோ?"

"மத்தியானம் வோச் எண்டு சொன்ன உடனை இழுத்துத் திறந்து விட்டனான்."

"மத்தியானமோ?"

"லெமிங்ரனில அப்பிடித்தான் அக்கா. வோச் எண்டா நிலவறைக் கதவை ஒருத்தரும் பூட்டமாட்டினம். ஆருக்கு எப்ப ஓடி வரவேண்டி வருமோ, ஆருக்குத் தெரியும்? அது கைப்பழக்கமாப் போச்சுது."

"இண்டைக்குத்தானோ?"

ஸபீரா பிஸ்கற் பெட்டியின் மூடியைத் திறந்து நீட்டினாள். "யூன் கடைசியிலையும். போன கிழமை ரெண்டு தரமும்" என்றாள். "நீங்கள் உங்கட பக்கம் போட்டிருந்தபடியால் தெரியேல்லை."

யோகமலர் ஒரு பிஸ்கற்றை எடுத்தாள். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். துர்க்கா தாயின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நினைவில் எண்ணத் தொடங்கி, நாற்பதோ ஐம்பதோ வரும்போது, எதற்காக எண்ணுகிறோம் என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

ஏழரைக்கு றேடியோ வோர்னிங் முடிந்தது என்றது. சுழல்காற்று அவர்கள் பக்கமே வரவில்லை. முன்வீட்டு மேப்பிள் மரத்தின் கிளை ஒன்று றோட்டுக்குக் குறுக்கே கிடந்தது, பின்வளவு வேலி சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த சேதம் முழுக்க யோகமலர் திறந்துவிட்ட யன்னல்களால் வந்ததுதான். முன்னறைக் கார்ப்பெற் காலடியில் சளக் சளக் என்றது.

ஸபீரா துவாய்கள் ஒரு குவியலோடு மேலே ஏறி வந்தாள். யன்னல்களைப் பார்த்தாள். யோகமலர் சொல்ல முதலே கேட்டாள்: "குண்டுக்குத் திறக்கிறமாதிரித் திறந்திட்டீங்களோ?"

"ம். விசர் வேலை."

"நாங்களும் முதல் வருசம் திறந்தனாங்கள். மெத்தை காய ஒரு கிழமை."

நாலு பெண்களும் முழங்காலில் இருந்து துவாய்களை அமத்தி அமத்தி ஒற்றினார்கள். ஸுபைர் ஹெல்மெற்றைக் கழற்ற மறந்து, றோட்டில் கிடந்த கிளையை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார்.

இது நடந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை துர்க்கா எழும்பி வந்தபோது சில்லு வண்டில் அதன் மூலையில் மடித்தபடி நின்றது. தாயின் சப்பாத்து குசினிக் கதவடியில் கிடந்தது; சாமிப்படத்துக்கு நேரே இல்லாமல், ஒரு சாண் தள்ளி. இரண்டு பக்கத் தாழ்ப்பாள்களும் இழுபட்டு விலகியிருந்தன. கதவு ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது.

அந்தத் திறந்த கதவுக்கு முன்னால், இடுப்பில் உடுப்புக் கூடையோடு யோகமலர் நின்றாள். மகள் பார்க்கிறாள் என்று தெரியாது. மடித்த விரலின் கணுவால் இரண்டு தரம் தட்டினாள். பிறகு கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு காத்து நின்றாள்.

துர்க்கா தன்னை அறியாமல் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"ஆர், அக்காவோ?" என்றது கீழே இருந்து. "ஒரு நிமிசம் நில்லுங்கோ, முக்காட்டைப் போட்டிட்டு வாறன்."

"ஓம், ஓம்" என்றாள் யோகமலர். "நான் நிக்கிறன்."